பால் பல்

சனிக்கிழமை பத்தரை.
நீதிமன்றத்துக் குழந்தைகள் அறையில்
காது உடைந்த மர யானை,
கையெழுத்துப் பதிவேடு.

நிறைமதி கேம்லின் டப்பாவைத் திறந்தாள்.
உள்ளே டிஷ்யூவில் சுற்றிய முன்பல்.
"வியாழக்கிழமையே விழுந்திடுச்சுப்பா.
கூரைமேல போடணுமாம்.
எந்த வீட்டுக் கூரை?"

கொளத்தூர் ஃப்ளாட் என் பெயரில்,
முன்பணம் ரோகிணியின் நகையில்,
பத்திரம் பேங்கில்.
அவர்கள் இப்போதிருக்கும் வாடகை வீட்டில்
மொட்டைமாடியை ஓனர் பூட்டிவைப்பார்.
எனக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்;
தலைக்கு மேல் இன்னும் இரண்டு மாடி ஆட்கள்.

நகை, கடன், வண்டி,
வாஷிங் மெஷின் வரைக்கும்
வக்கீல் எஸ்தரிடம் கேட்டிருக்கிறேன்.
இதைக் கேட்கவில்லை.

பன்னிரண்டரைக்கு ரோகிணி வந்தாள்.
எட்டு மாதத்தில் முதன்முறையாக
மனுவில் இல்லாத ஒன்றைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்தாள்.
பிறகு வெளியே நடந்தாள், நாங்கள் பின்னால்.

பாரிமுனைப் பக்கம் ஒரு டீக்கடை,
தாழ்ந்த தகரக் கூரை.
நிறைமதி எம்பி வீசினாள்.
டிங்.

சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த மாஸ்டர்
"மூணு டீயா?" என்றார்.
"ரெண்டு. ஒரு பால்."

டீக்கு அவரவர் காசு.
பாலுக்கு இரண்டு பேருமே நீட்டினோம்.
மாஸ்டர்
ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.