இரைச்சல் நீக்கி

பாலைமரத்தின் மூன்றாம் கவட்டில்
றவுட்டரைக் கட்டிவிட்டவன் சசிகரன்.
கீழே நின்று நான் கத்தினேன்:
ஒரு கோடு. ஒரு கோடு. இரண்டு.
கொஞ்சம் கிழக்காலை திருப்பு.
மூன்று கோடு விழுந்த இடத்தில்
கறள் பிடித்த கம்பியால் இறுக்கினான்.
அன்றிலிருந்து
நெடுங்கேணிக்கு நாலு கட்டை உள்ளே
என் ஒபிஸ்.

மாதத்தில் இரண்டு நாள் இராஜகிரிய, எட்டாம் மாடி.
புளியங்குளத்தில் இரவு பஸ் ஏறி
கழுத்து நோவோடு இறங்குவேன்.
மற்ற நாளெல்லாம் இந்த மேசைதான்.

பிழை பிடிப்பது என் தொழில்.
நோர்வேயில் படகுச்சீட்டு விற்கும் செயலியில்
பொத்தானை அமத்தினால் அது அமருதோ என்று பார்ப்பது.
அந்தக் கடலை நான் கண்டதில்லை.
ஆறு வயதுப் பிள்ளைக்கு அரைச்சீட்டு எவ்வளவென்று
நித்திரையிலும் சொல்வேன்.

கமெராவைப் போட்டால்
பின்னணி தானாக மங்கும்.
தகரக் கூரை, நெல்மூட்டை,
சுவரில் ஓட்டைகளை அடைத்துப் பூசிய சீமெந்து
எல்லாம் ஒரே சாம்பல் பனி.
என் தலைமயிரின் ஓரத்தையும்
கொஞ்சம் தின்றுவிடும்.

புதன்கிழமை, பின்னேரம் ஏழே கால்.
மாரித்துக்கு அங்கே இன்னும் வெயில்.
நாற்பத்தோராம் பிழையை நான் வாசிக்கத் தொடங்க
வாய்க்கால் பக்கம் வெடித்தது.
ஒன்று.
பிறகு சேர்த்து இரண்டு.

யானை வெடி என்று எனக்குத் தெரியும்.
என் முழங்காலுக்குத் தெரியாது.
அது தன்பாட்டில் மேசைக்குக் கீழே போய்விட்டது.
அங்கே குந்தியிருந்தபடி வாசித்து முடித்தேன்:
'பொத்தானை இரண்டுமுறை அமத்தினால்
காசும் இரண்டுமுறை கழிகிறது.'

மேலே வந்தேன்.
ஆறு சதுரம், ஆறு முகம், ஒன்றிலும் கலக்கமில்லை.
டினுஷா சொன்னா:
'கமெரா ஒருக்கா விழுந்ததுபோல. குரல் நல்ல தெளிவு.'

கேட்கவேயில்லை அவர்களுக்கு.

மின்விசிறி, நாய், மழை, பக்கத்து வீட்டு றேடியோ,
பேச்சல்லாத எதையும் வடித்து எறியும் கருவி ஒன்று
போன மாதம் வந்தது.
ஐந்து நட்சத்திரம் போட்டவர்களில் நானும் ஒருத்தி.
மின்விசிறியோடு சேர்த்து
வெடியையும் கூட்டி அள்ளியிருக்கிறது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது.
இந்த மண்ணில்
வெடிச்சத்தத்தை ஒரு பொத்தானால் நிறுத்தலாமென்று
பதினொரு வயதில் எனக்கு யாராவது சொல்லியிருந்தால்...
சரி, விடுங்கோ.

இரவு குழுவில் சசிகரனின் குரல் வந்தது.
'ரெண்டு நிக்குது. ஒண்டு குட்டி.
தவத்தின்ரை வயலுக்கை இறங்குது.'
அவனும் தொலைவிலிருந்து வேலை செய்பவன்தான்.
பரண்மேல்,
பன்னிரண்டு வீதப் பற்றரியோடு.

பிழைகளுக்கு ஒபிஸில் இருக்கும் பலகைபோல
இலவசக் கணக்கில் ஒன்று திறந்தேன்.
முதலாம் அட்டை: வேலி, மூன்றாம் தூண், கரண்ட் இல்லை.
ஒப்படைத்தது: சசிகரனிடம்.
இரண்டாம் அட்டை: யானை.
நிலை: திறந்தது.
யாரிடம் ஒப்படைப்பதென்று தெரியாமல்
அந்த இடத்தை வெறுமையாய் விட்டேன்.

விடிய நாலரைக்குத் தவம் எழுதினார்: முடிந்தது.
ஐந்து மணிக்குக் குலதீபா:
மீண்டும் திறந்தது.
கூடவே ஒரு படம்.
உடைந்த வரம்பு,
தண்ணீர் ஊறி நிற்கும் ஒரு சின்னக் கால்தடம்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு முன்
அமைப்புகளுக்குள் போய்
அந்தச் சரிக்குறியை எடுத்துவிட்டேன்.

பாலைமரத்தில் மயில் கத்தியது.
ஆறு பேரும் நிமிர்ந்தார்கள்.
மாரித் கேட்டா:
'யாருடைய பிள்ளை அழுகிறது?'

மயில் என்றேன்.
நம்பவில்லைப் போலிருந்தது.
இன்னொருமுறை அதுவே சொல்லட்டுமென்று
மைக்கைத் திறந்து வைத்து
சும்மா இருந்தேன்.

அது சொல்லவில்லை.
நாற்பத்திரண்டாம் பிழைக்குப் போனோம்.