இருபதாவது நிமிடம்

இருபதாவது நிமிடத்தில் எழுந்துவிடுவேன்.
தண்ணீர் குடிக்க, ஜன்னலைச் சாத்த,
சாத்தியிருக்கும் ஜன்னலை மறுபடி சாத்த.
இசைத்தட்டில் குறையில்லை. செல்லோ வாசித்தவரிடமும் இல்லை.
புளி தின்ற பல் மாதிரி காது கூசும், அவ்வளவுதான்.

தார்த்துவில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
ஐந்தாம் மாடி, கான்கிரீட் பலகைகளை அடுக்கிய கட்டடம்.
கூல்லி கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு போய் ஏழு மாதம்.
திரைச்சீலை அவளுடையது, புத்தக அலமாரியும்.
எனக்கு ஸ்பீக்கர் இரண்டு, நாற்காலி ஒன்று.
நியாயமான பங்கீடு என்றார் வக்கீல்.

குற்றவாளியைத் தேடினேன்.
பனிச்சறுக்குப் பலகைகளை விற்று
வால்வு வைத்த ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன்.
பிறகு கேபிள், என் கட்டைவிரல் தடிமனில்.
கடைக்காரர் ரைவோ ட்வீட்டரைக் கைகாட்டினார்:
"உலோகம், கத்தத்தான் செய்யும். பட்டுக்கு மாறு."
பட்டுக்கு மாறினேன்.
பாடகி 'ஸ்' என்று முடிக்கும் ஒவ்வொரு சொல்லிலும்
யாரோ தீக்குச்சி கிழித்தார்கள்.

ஓர் இரவு அறை நடுவில் நின்று கை தட்டினேன்.
தட்டியது ஒரே முறை.
சுவர் கண்ணாடியிடம் சொல்ல,
கண்ணாடி எதிர்ச்சுவரிடம் சொல்ல,
யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை,
எங்கள் கடைசி வருடத்துப் பேச்சைப் போல.
கீழ்வீட்டு ஹெல்யு துடைப்பக் கட்டையால்
என் தரையை அடியிலிருந்து இடித்தாள்.

ஜனவரியில் நிலவறைக் குழாய் வெடித்தது.
துணி உலர்த்தும் பொது அறைக்குப் பூட்டு.
துவைத்த கம்பளிகள் நான்கு, விரிப்பு, குளியல் துண்டுகள்.
வேறு இடமில்லாமல்
ஸ்பீக்கருக்குப் பின்னாலும் நாற்காலிக்குப் பின்னாலும்
குறுக்கும் நெடுக்குமாய்க் கயிறு கட்டிப் போட்டேன்.
சொட்டும் சத்தம் தாங்காமல் இசைத்தட்டை வைத்தேன்.

விழித்தபோது
ஊசி கடைசி வளையத்தில்
டப், டப் என்று நடந்துகொண்டிருந்தது.
நான் எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள் பழைய ஆம்ப்ளிஃபையரை இணைத்துப் பார்த்தேன்.
அதே இதம்.
பனிச்சறுக்குப் பலகைகளை நினைத்துக்கொண்டேன்.

மார்ச்சில் கூல்லி வந்தாள், விட்டுப்போன பூட்ஸுக்காக.
கயிறுகளுக்கு அடியில் குனிந்து குனிந்து வந்தாள்.
அவள் பேச்சில் எங்கும் முனை இல்லை.
என்னுடையதும் அங்கே அப்படித்தான் கேட்டிருக்கும்.
சாம்பல் நிறக் கம்பளியின் ஓரத்தை
இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து
"இது எப்போதோ காய்ந்துவிட்டதே" என்றாள்.

இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது
என்றேன்.