கணக்கில் சேரும் மழை

925 எங்களை இறக்கிவிட்டுப் போனபோது
ஜொகூர் இருந்தது.
தூண்டிலைப் பூட்டி நிமிர்ந்தபோது இல்லை.
அக்கரைக் கட்டடங்களை ஒவ்வொன்றாய் விழுங்கி
நீரிணையைத் தாண்டி
எங்கள் சட்டைக்கு வந்திருந்தது மழை.

கிராஞ்சி அணையின் மேல் சாலை ஒரு கோடு.
அந்தப் பக்கம் கடல்.
இந்தப் பக்கம், நாளைக்கு நம் குழாயில் வரப்போகும் தண்ணீர்.
ஒரே மேகம்தான் கொட்டுகிறது;
இங்கே விழுந்தால் கணக்கில் சேரும்,
நாற்பதடி தள்ளி விழுந்தால் உப்பு.
துளிக்கு எப்படித் தெரியும்?

சுக்ரி இழுவை வண்டி ஓட்டுகிறவன்.
ராவெல்லாம் கெட்டுப்போன கார்களைத் தூக்கிவிட்டுத்
தூங்காமல் இங்கே வந்துவிடுவான்.
பையில் கட்டிய கோப்பி-ஓ
அவன் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.
உறிஞ்ச உறிஞ்சக் குறையவில்லை.
"மேலேயிருந்து ஊத்துறான் பாரு,
காசு கேக்காம."

இடி இடித்தது.
இந்த நேரத்தில் கோலை ஏந்தி நிற்பவன்
மின்னலுக்கு முகவரி எழுதிக் கொடுப்பவன்.
நிறுத்தக் கூரையின் கீழ் நாற்பது நிமிடம்.
பேச எதுவும் இல்லாத இடத்தில்
நேற்றுப் பேசியது வந்து உட்கார்ந்தது.

மிஸ் நூர்ஹயாத்தி கேட்டது ஒரு வரிதான்:
ராத்திரியில் பையனோடு வீட்டில் யார் இருப்பாங்க?
நான் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.
துருவேஷ்
தன் காலணிக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இடி லிம் சூ காங் பக்கம் போய்விட்டது.
மழைக்குப் போக இடமில்லை போலும்.

உயிர் இரை போடக்கூடாது இங்கே. சட்டம்.
ஆகவே என் இரை வர்ணம் பூசிய நெகிழி,
வயிற்றுக்குள் இரண்டு இரும்பு மணி,
இழுத்தால் கிலுக்கும்.
கொக்கியின் எதிர்முள்ளை
இடுக்கியால் நானே நசுக்கியிருக்கிறேன்.
முதல் வீச்சு புல்லில்.
இரண்டாவது சும்மா.
மூன்றாவதில் தண்ணீர் உடைந்தது.

கோலை வளைத்து வந்தது மயில் பாஸ்.
பச்சைப்பொன் உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை.
வாலடியில் ஒரு பீலிக்கண்,
யாரையும் பார்க்காமல் எல்லாரையும் பார்ப்பது.
அமேசான் பக்கத்து மீனாம். இருக்கட்டும்,
அடையாள அட்டை கேட்க நான் யார்?

சுக்ரிதான் கரையோரத்தைக் காட்டினான்.
முழங்கால் ஆழத்தில் ஒரு புகை.
மழைப்புள்ளிகளுக்கு அடியில் நடுங்கும் கறுப்பு.
குஞ்சுகள், நொய்யரிசி அளவு, நூறோ ஐந்நூறோ,
காவல் போன இடத்தையே சுற்றிச் சுற்றி.
வேறு மீன்கள் நெருங்கத் தொடங்கியிருந்தன,
அவசரமே இல்லாமல்.

பசியில் கவ்வவில்லை இது.
தின்னவும் முடியாத ஒன்றை,
வெறுமனே கிலுக்கிக்கொண்டு போன ஒன்றை,
பிள்ளைகள் பக்கமாய் வந்துவிட்டதே என்று
கடித்து வைத்திருக்கிறது.

படம் எடுக்கவில்லை. எடை பார்க்கவில்லை.
கீழுதட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்
கொக்கியைத் திருகினேன்.
உப்புத்தாள் பற்கள் தோலை வழித்தன.
விட்டதும் ஓடவில்லை அது.
என் இரண்டு கைகளுக்கு நடுவே கொஞ்சம் நின்றது,
செவுள் ஏறி இறங்க,
பிறகு புகைக்குள் புகுந்தது.
மற்றவை சிதறின.
எத்தனை குறைந்திருக்கும்?
மழையில் எண்ண முடியவில்லை.

"லாகி?" என்றான் சுக்ரி.
போதும்டா.

உறையிலிருந்து கைப்பேசியை எடுத்தேன்.
மிஸ் நூர்ஹயாத்திக்கு ஒரு வரி போதும்:
ராத்திரி எனக்கு வேலை, மிஸ். அவன் தனியாத்தான் இருப்பான்.
கட்டைவிரலை வைத்தேன்.
ரேகை பொருந்தவில்லை என்றது.
சட்டையில் துடைத்து,
சட்டையும் மழைதானே,
மறுபடி வைத்தேன்.
பொருந்தவில்லை.
மீண்டும் முயல்க.