குறிப்பு, இருந்தால்

பத்துக் கட்டம் வரைந்தேன்.
நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங்,
கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங், லாரி.
கட்டத்துக்குக் கட்டம் ஓர் அம்பு,
எல்லாம் வலப்பக்கம் பார்த்தே போகும்.
திருப்பூர் அவிநாசி ரோட்டு ஆபீஸில்
கண்ணாடிச் சுவரில் ஒட்டியபோது
நல்லாத்தான் இருந்தது,
தவில் மட்டும் இல்லாத ஊர்வலம்.

"இதுக்குள்ள உசுரு வரோணும்" என்றார் நாச்சிமுத்து.
"எந்த லாட் எங்க நிக்குதுன்னு
பச்சை வெளக்கு எரியோணுமுங்க.
பையர் வர்றாங்க, பதினெட்டாந் தேதி."

உசுரு மாடிப்படிக்கு அடியில் கிடந்தது.
ஏசி ஒழுகும் அறை,
ஆறு வருசத்து டேட்டாபேஸ்,
நாலு லட்சத்துச் சில்லறை வரிசைகள்.
ஒவ்வொரு கட்டத்தையும் அதனதன் வரிசையோடு
காஜாவில் பொத்தான்போலக் கோத்தேன்.
முதல் நாள் சேர்ந்தது.
மறுநாள் 4471 என்கிற லாட்
தையலில் நின்றது,
சாயத்திலும் நின்றது,
லாரி ஏறியும் போயிருந்தது.

பிழை என் க்வெரியில் என்று
மூன்று ராத்திரி துழாவினேன்.
அகப்பட்டது வேறு:
ஷேடு அப்ரூவல், நூற்றுப் பன்னிரண்டு லாட்,
எல்லாம் ஒரே நிமிடம்,
மாலை 6:47.

வீரபாண்டிப் பட்டறையில் குழந்தைவேலு
கோடு போட்ட நோட்டில் பகலெல்லாம் எழுதுகிறார்.
நெட் வந்தபிறகு
ஒரே மூச்சில் தட்டி ஏற்றுகிறார்.
"நடந்த நேரம் வேறயுங்,
நான் தட்டுன நேரம் வேறயுங்.
நீங்க எதைக் கேக்கறீங்க?"

பதில் சொல்லாமல் திரும்பினேன்.
திரும்பித்தான் அந்தக் கடைசிப் பத்தியைத் திறந்தேன்,
யாரும் எந்தக் கட்டத்தோடும் சேர்க்கச் சொல்லாதது:
குறிப்பு, இருந்தால்.

இருந்தது.

"நீலம் தூக்கலா இருக்குது. திருப்பித் தாட்டியாச்சு."
"மழை. துணி காயல."
"ரெண்டு டெய்லரு கெடாவெட்டுக்குப் போயிட்டாங்க, ஞாயித்துக்கெழமை பாத்துக்கலாம்."
"4471 மறுபடியும். மூணாவது வாட்டி."
"பழனாத்தா சொல்றா, வெய்யில்ல வேற கலர்னு.
வெய்யில்ல பாத்தேன்.
வேற கலர்தான்."

என் படத்தில் திரும்பி வரும் அம்பே இல்லை.
வரைந்தேன்,
செக்கிங்கிலிருந்து சாயத்துக்கு, சிவப்பில்,
இரை விழுங்கும் கோழிக் கழுத்தாய் வளைத்து.
நாச்சிமுத்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.
"நெசந்தானுங்க.
ஆனா பையர் கண்ணுக்கு வேண்டாம்.
எடுத்துருங்."

எடுத்தேன்.
பதினெட்டாந் தேதி பத்தும் பச்சை.
வந்தவர்கள் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள்,
இளநீர் குடித்தார்கள்,
போனார்கள்.

சுவரில்தான் எடுத்தேன்.
அம்புக்கென்று தனியாக ஓர் அட்டவணை கட்டி
மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன்:
எங்கிருந்து, எங்கே, எத்தனையாவது முறை.
ராத்திரி பன்னிரண்டுக்குத் தானாக எண்ணும்.
கேட்பார் இல்லை. எண்ணட்டும்.

நேற்று அதைச் சரிபார்க்க
4471-ஐ மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தேன்.
மூன்று சாயம், இரண்டு செக்கிங்,
நடுவில் ஒரு வரிசை,
எந்தக் கட்டத்துக்கும் சேராமல்:

"கோகிலவாணி மேடம் வந்தாங்க.
டீ குடிச்சாங்க.
நேரத்தப் பத்திக் கேட்டாங்க."

நான் போனது காலை பதினொன்று.
பதிவான நேரம்
6:47.