பல் இருந்தும்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
எனக்கு முப்பத்திரண்டும் இருக்கிறது.
போதாததற்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு பல் செய்கிறேன்,
வின்னிபெக்கில், எலிஸ் அவென்யூவில்,
சலவைக்கடைக்கு மேலே ஒரு பட்டறையில்.
யாரோ ஒருத்தியின் கடைவாய்க்கு ஒரு மூடி,
யாரோ ஒருவரின் சிரிப்புக்கு முன்னிரண்டு.
நான் செய்த பற்களோடு நகரம் கதைக்கிறது.
நான் கதைப்பதில்லை.

பெயர் வாகீசன்.
பேச்சுக்கு அதிபதி என்று பொருள்.
வைக்கும்போது என்னைக் கேட்கவில்லை.

வெள்ளி காலை ஒன்பதுக்குக் கூட்டம்.
பதினொரு பேர், நீள மேசை, டோனட் பெட்டி.
வியாழன் மதியமே கை வேர்த்துவிடும்.
டார்லீன் ஒவ்வொருவராய்க் கேட்டு வரும்போது
எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணுவேன்.
நாலு. மூன்று.
ஹெக்டர் சுருக்கமாக முடித்துவிடுவான், பாவி.
"வாகீ?"
"ஒன்றுமில்லை."
அந்த ஒரு சொல்லை ஆறு வருடமாகச் சொல்லித்
தேய்த்துவிட்டேன்.

ஜனவரியில், வெளியே மைனஸ் முப்பத்தொன்று,
ஒரு கொப்பி வாங்கினேன்.
நடுவே கோடு.
இடப்பக்கம், நடக்குமென்று பயந்தது.
வலப்பக்கம், நடந்தது.

தெரிந்த வழியையே பஸ் சாரதியிடம் கேட்டேன்.
முறைப்பார், பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள்
என்று இடப்பக்கம் எழுதியிருந்தேன்.
"ஓம், நிற்கும்" என்றார்.
கையுறையால் மூக்கைத் துடைத்தார்.
வலப்பக்கம் அவ்வளவுதான், மூக்கு உட்பட.

பீட்சாவுக்குப் போன் எடுத்தேன்.
என் உச்சரிப்பு விளங்காது என்று பயந்தது
அப்படியே பலித்தது.
காளானுக்குப் பதில் அன்னாசி வந்தது.
தின்றேன். சாகவில்லை.

நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு என்று
எங்கோ படித்த மூச்சு.
முதல் வாரம் ஆறுக்குப் போகக் காற்று மிஞ்சவில்லை.
பிறகு பூட்சுக்குள் கால்விரலை மடக்கி நிமிர்த்தி,
தரை இருக்கிறது, தரை இருக்கிறது.

எல்லாரும் போனபின்
மேசையில் வரிசையாய் நின்ற பிளாஸ்டர் அச்சுகளிடம்
வெள்ளிக்கிழமைப் பேச்சைச் சொல்லிப் பார்த்தேன்.
இருபது வாய்கள், எல்லாம் திறந்தபடி,
ஒன்றும் கொட்டாவி விடவில்லை.
தடக்காமல் வந்தது.
தடக்காமல் வந்ததால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.
சேர்த்திருக்கலாம்.

பெப்ரவரியில் பத்து நாள் கொப்பியைத் திறக்கவில்லை.
அடித்த போனை அடிக்கவிட்டேன்.
லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றார்,
படியில் ஏறினேன், ஐந்து மாடி.
அதையும் பிறகு எழுதினேன்:
குளிரைப் பற்றி ஏதாவது கேட்பார்.
எதிரே:
முழங்கால் நோ.

மார்ச் மாதம்.
புது உலை, தான் காட்டுவதைவிடப்
பன்னிரண்டு பாகை கூடச் சுடுகிறது.
அதனால்தான் விளிம்புகள் வெடிக்கின்றன.
எனக்கு மூன்று வாரமாய்த் தெரியும்.
உடைந்த பற்களை எல்லாரும் மண்ணைச் சொல்லி, மாவைச் சொல்லி
எறிந்துகொண்டிருந்தார்கள்.

"வாகீ?"
விரல்களை மடக்கினேன்.
ஆறு வரை போகவில்லை, மூன்றில் தொடங்கிவிட்டேன்.
"உலை" என்பது வந்தது.
மிச்சம் தொண்டைக்குள் கீறல் விழுந்து இறங்கியது.

டார்லீன் காதைச் சாய்த்தார்.
"என்ன? கேட்கவில்லை."

கொப்பியின் முதல் பக்கம், இடப்பக்கம், முதல் வரி,
பேனா அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்த இடம்:
திரும்பச் சொல்லச் சொல்வார்கள்.

பத்துப் பேர் பார்க்கிறார்கள்.
ஹெக்டரின் வாயருகே டோனட் நிற்கிறது.
சொன்னேன்.
குரல் நடுங்கியது, பன்னிரண்டு மட்டும் தெளிவாக வந்தது.
யாரோ குறித்துக்கொண்டார்கள்.
டார்லீன் அடுத்த ஆளிடம் போனார்.
அவ்வளவு சீக்கிரம் போவார் என்று
நான் எங்கும் எழுதியிருக்கவில்லை.

அன்றிரவு வலப்பக்கத்தில்:
திரும்பச் சொல்லச் சொன்னார்கள்.
இரண்டு பக்கமும் ஒன்றே.
கீழே கொஞ்சம் இடமிருந்தது.
திரும்பச் சொன்னேன்.

அடுத்த வாரமும் கை வேர்த்தது.
மதியமல்ல, வியாழன் இரவு,
பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது.
கை ஏற்கெனவே ஈரமாய்த்தான் இருந்தது.