ஏழாவது போர்ட்

இரவு ஒன்று நாற்பது.
டொங்காட் ஆலைக்கு மின்சாரம் திரும்பிவிட்டது.
வெருலத்தில் எங்கள் தெருவுக்கு இன்னும் முறை வரவில்லை.
சமையல் மேடையில் மெழுகுவர்த்தி,
லேப்டாப்பில் முப்பத்து நான்கு சதவீதம்,
போனின் இன்டர்நெட்டைக் கடன் வாங்கி
ஆலைக்குள் நுழைகிறேன்.

"டிஸ்பிளேயில் எடை தெரியுது, சிசி.
உங்க கம்ப்யூட்டருக்குத்தான் வரல"
என்கிறான் பெகானி, எடைமேடைக் கூண்டிலிருந்து.
அவனுக்குப் பின்னால் கரும்பு லாரிகள் உறுமுகின்றன,
நெடுஞ்சாலை வரைக்கும் வரிசையாம்.
வெட்டிய கரும்புக்குப் பொறுமை கிடையாது,
தன் இனிப்பைத் தானே தின்னத் தொடங்கிவிடும்.

சரி, நீ வாசி, நான் அடிக்கிறேன்.

மூன்று. ஒன்று. நான்கு. ஆறு. பூஜ்யம்.
ம்.
அடுத்த வண்டி.
பொறு.
ம், சொல்லு.
ஒருமுறை அவன் ஃபைவ் என்றது
எனக்கு நைன் என்று விழுந்தது.
அதிலிருந்து ஒவ்வொரு எடைக்கும்
இலக்கங்களைக் கூட்டி, கூட்டுத்தொகையையும் சொன்னான்.
பாரிட்டி என்ற சொல்லை அவன் கேட்டதே இல்லை.

இரண்டு வண்டிகளுக்கு நடுவே தேடுகிறேன்.
பிங் அடித்தால் பதில் வருகிறது:
சுவரில் மாட்டிய பதினாறு வாய்ப் பெட்டி
உயிரோடுதான் இருக்கிறது.
ஏழாவது போர்ட்டைத் திறந்தால் பிஸி.
யார் உள்ளே?
நம்ம ஆள்தான். பதினெட்டு நாளாக ஓடும் சின்ன புரோகிராம்,
மேடை சொல்வதைக் கேட்டு எழுதி வைப்பது
ஒன்றே அவன் பிழைப்பு.

இணைப்பு நிலவுகிறது, என்கிறது நெட்ஸ்டாட்.
இந்தப் பக்கம் நிலவுகிறது.
அந்தப் பக்கம் யுபிஎஸ் கைவிட்டு
பெட்டி ஒருமுறை செத்து எழுந்திருக்கிறது,
பழைய பேச்சு ஒன்றும் அதற்கு ஞாபகமில்லை.
இவன் ஒரு சொல் சொல்லிப் பார்த்திருந்தால்
'யார் நீ' என்று முகத்தில் அடித்திருக்கும்,
அப்போதே தெரிந்திருக்கும்.
இவன் கேட்பவன். சொல்வது இவன் வேலையில் இல்லை.
மேடையில் வண்டி ஏறவில்லை போலும் என்று
உட்கார்ந்தே இருக்கிறான்.

கொன்றேன்.
யூனிக்ஸில் அதற்கு அந்தச் சொல்தான்.
முதலில் மரியாதையாக, பிறகு ஒன்பதால்.
பூட்டுக் கோப்பில் அவன் எண் கிடந்தது,
வாடகை பாக்கியோடு போனவனின்
பெயர்ப்பலகை மாதிரி. அதையும் அழித்தேன்.

"இரண்டு. எட்டு. எட்டு. பூஜ்யம். பூஜ்யம். பதினெட்டு."
ம்.

திறந்தேன். வந்தது குப்பை:
கேள்விக்குறி, உடைந்த கொக்கி,
எந்த மொழியிலும் இல்லாத எழுத்து.
சிரித்துவிட்டேன். குப்பை வந்தால் கம்பி இருக்கிறது.
வேகம்தான் தப்பு.
பெட்டி தான் பிறந்த அன்றைய
ஒன்பதாயிரத்து அறுநூறில் நிற்கிறது.
மேடை பழைய ஆள்.
இரண்டாயிரத்து நானூறு, ஏழு பிட், இரட்டைப் பாரிட்டி,
அதற்கு மேல் யாருக்காகவும் அவசரப்படாது.
பதினெட்டு நாள் முன்பு பெட்டியை மாற்றியபோது
ஒருவர் எல்லாவற்றையும் சரியாக வைத்துவிட்டு
சேமிக்க மறந்திருக்கிறார்.
பதிவேட்டில் கையெழுத்தைப் பார்த்தேன்.
என்னுடையது.

பதினொரு சதவீதம்.
வேகத்தை மாற்றினேன், சேமித்தேன்,
சேமித்ததா என்று இன்னொரு தரம் பார்த்தேன்.
கேட்பவனுக்கும் ஒரு வரி கூடுதலாக எழுதினேன்:
இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை
'இருக்கியா' என்று கேள்.
பதில் வராவிட்டால் விட்டுவிடு, புதிதாகக் கூப்பிடு.

எண் தானாக வந்து விழுந்தது.
முப்பதாயிரத்து இருநூற்று நாற்பது கிலோ.
பெகானி, வருது.
பெகானி?

போனை மேசையில் வைத்துவிட்டுப்
படலைத் திறக்கப் போயிருக்கிறான் போல.
அங்கே பிரின்டர் தன் ஊசிகளால்
ரசீது கொத்தும் சத்தம்.
யாரோ ஒரு டிரைவர் கதவை அறைந்து சாத்துகிறார்.
அடுத்த வண்டி ஏறுகிறது, மேடை முனகுகிறது,
மறுபடி ஊசிகள்.

ஆறு சதவீதம்.
நான் இன்னும் வைக்கவில்லை.