ரிவர்ஸ்

படத்தின் கதை இவ்வளவுதான்:
பஸ்ராவில், மீன் சந்தைக்குப் பின்னால்,
காலி மைதானத்தில்
என் அக்கா விஜ்தான்
நாற்பத்தோரு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள்.
முன்னால் போகிறாள். நன்றாகவே போகிறாள்.
ரிவர்ஸ் மட்டும் வரவில்லை.

அத்தான் அப்துல்ஸஹ்ரா பின்சீட்டில்
சூரியகாந்தி விதை கொறிக்கிறார்.
தொப்பை மேலெல்லாம் தோல்.
"இடது, இடது" என்கிறார்.
அவருக்கு இடதும் வலதும்
பள்ளிக்கூடத்திலிருந்தே தகராறு.

பணம் தருகிற ஊரிலிருந்து கடிதம் வந்தது,
மரியாதையான கடிதம்.
மிகவும் நெகிழ்ந்தார்களாம்.
இரண்டே சந்தேகம்:
போர் எங்கே?
கணவர் ஏன் தடுக்கவில்லை?

போர்
அந்த மைதானத்து மதிலில் இருக்கிறது, ஓட்டைகளாக.
ஓட்டையில் முளை அடித்து
மீன்காரர்கள் தராசு மாட்டியிருக்கிறார்கள்.
அதையும் எடுத்துத்தான் அனுப்பினேன்.
அவர்கள் மீனைப் பார்த்துவிட்டார்கள்.

துபாய் சேனல்காரர் வேறு மாதிரி.
கெய்ரோ பேச்சில் பேசினால் எல்லோருக்கும் புரியும் என்றார்,
உங்கள் தெற்கத்திப் பேச்சு
காமெடிக்குத்தான் சரிப்படும்.
தயாரிப்பாளன் ஃபாபியன் நல்லவன்.
வானம் மட்டும் கொஞ்சம் மஞ்சளாக இருக்கலாமே என்றான்.
அது ஜனவரி.
கணுக்கால் வரை சேறு,
அத்தான் ஒன்றின் மேல் ஒன்றாக
இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

"ஒரே ஒரு அறை,"
ஃபாபியன் கெஞ்சினான்.
"கணவர் ஓர் அறை விட்டால் போதும்,
மீதிப் பணம் வந்துவிடும்."

எங்களுக்கு இருப்பதே ஒரே ஓர் அறை.
ஆறு பேர் படுக்கிறோம்,
காமிராப் பெட்டியோடு ஏழு.

எடுத்தோம். மறைக்கவில்லை.
கடன் இருந்தது.
"ஆக்‌ஷன்" சொன்னது நான்தான்.

கார் ஜன்னலோரம் நின்று அத்தான் கை ஓங்கினார்.
ஓங்கிய கை அவள் தோளில் ஒட்டியிருந்த
விதைத்தோலைத் தட்டிவிட்டது.
இரண்டாவது டேக்கில் சிரித்துவிட்டார்.
மூன்றாவதில் பட்டுவிட்டது.
மெதுவாகத்தான்.
ஆனாலும் பட்டுவிட்டது.

விஜ்தான் அவரைப் பார்க்கவில்லை.
லென்ஸுக்குள் நேராக
என்னைப் பார்த்தாள்.
காமிராவை அணைத்தேன்.

அணைத்த பிறகுதான் நடந்தது.
கியர் விழுந்த சத்தம்.
கார் பின்னால் போனது,
நூல் பிடித்த மாதிரி,
இரண்டு மீன்வண்டிக்கு நடுவில்,
ஒரு கூடையைக்கூட உரசாமல்
சந்தை வாசல் வரை.
ஜனமெல்லாம் விசிலடித்தது.
அத்தான் சேற்றில் நின்றார்,
ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

மூன்று டேக்கையும் அழித்தேன்.
மீதிப் பணம் வரவில்லை.
ஒலிக்காரன் தஹாம் மட்டும் மைக்கை அணைக்க மறந்திருந்தான்.
மறந்தானோ என்னவோ.
ஆகவே படம் இப்படி முடிகிறது:
கறுப்புத் திரை, நாற்பத்தேழு நொடி,
சேறு கிழிபடும் சத்தம், விசில், ஒரு வெடி,
"இந்தா, போயே போயிட்டாளே!" என்று
யாரோ ஒரு மீன்காரர்,
எங்கள் தெற்கத்திப் பேச்சில்.

அந்தக் குளிர் ஊரில், திரையிட்டு முடிந்ததும்,
ஒரு பெண் கை தூக்கினாள்.
கடைசியில் வெடித்தது குண்டா?
"சைலன்சர்" என்றேன்.
சிரிக்கலாமா கூடாதா என்று
அரங்கம் கொஞ்ச நேரம் யோசித்தது.

அந்த மூன்றாவது டேக்கைப் பற்றி
நானும் அக்காவும் இதுவரை பேசவில்லை.
அன்று ராத்திரி அவள்தான் போன் செய்தாள்.
"நான் ரிவர்ஸ் எடுத்ததைப் பார்த்தார்களா?"
"இல்லை. கேட்டார்கள்."
"என்ன கேட்டார்கள்?"

நான் வாயெடுப்பதற்குள்
"அது கிடக்கட்டும்,
காருக்குப் பக்கக் கண்ணாடி வாங்கினாயா,
உடைந்தது இடது பக்கம்" என்றாள்.
பின்னாலிருந்து அத்தான் குரல்:
"வலது, வலது."